விதைக்கு விலை வைக்காத விஞ்ஞானி

ஒடிசாவின் ராயகடா மாவட்டத்தில் நியமகிரி மலைப் பகுதியை ஒட்டி கெரண்டிகுடா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இரண்டு ஏக்கர்கூடத் தேறாத ஒரு வயலில் ஆண்டுதோறும் 1,400-க்கும் மேற்பட்ட நாட்டு நெல் ரகங்கள் விளைகின்றன. ஒரே உமிக்குள் இரண்டு அரிசி வைத்திருக்கும் ஜுகல், மூன்று அரிசி வைத்திருக்கும் சதீன், ஆளை மூழ்கடிக்கும் வெள்ளத்திலும் தலை நீட்டும் லட்சுமி தீகல் என எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனிப் பாத்தி உண்டு.

இந்த வயலை உருவாக்கியவர் சூழலியல் விஞ்ஞானி தேபல் தேவ். கொல்கத்தாக்காரர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக விதை சேர்த்துவரும் இவர், ஒரு பிடி விதையைக்கூட விற்றதில்லை. எந்த ரகத்துக்கும் காப்புரிமை கேட்டதில்லை. விதைக்கும் விவசாயிக்கும் நடுவே பணம் புகுந்தால் இரண்டும் பிரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அவருடைய பணி வாழ்க்கையே இந்த ஒரு பிடிவாதத்தின் கதைதான்.

வடிகஞ்சியில் தொடங்கிய தேடல்

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தேபல் தேவ், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் அமெரிக்காவின் பெர்க்லியிலும் ஆய்வு செய்தவர். 1990-களின் முற்பகுதியில் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையில் பணியாற்றினார். 1991 கோடையில், மேற்கு வங்கத்தின் தென்பகுதியில் உள்ள கோயில்காடுகளில் தாவரங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, இளைப்பாறுவதற்காக ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தின் வீட்டில் ஒதுங்கினார். அந்த வீட்டின் கர்ப்பிணிப் பெண் சிவந்த நிறத்தில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார். பூத்முரி என்ற நெல்லின் வடிகஞ்சி அது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் குறையும் ரத்தத்தை அது ஊற வைக்கும் என்றார் வீட்டுக்காரர். குழந்தைகள் திடமாக வளர பரமாய் சால் என்று இன்னொரு அரிசி இருப்பதையும் சொன்னார்.

காட்டுத் தாவரங்களைப் பட்டியலிடப் போனவருக்கு, வயலில் இருக்கும் தாவரங்களை யாருமே பட்டியலிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புலிக்கும் காண்டாமிருகத்துக்கும் கிடைக்கிற கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட அழிந்துகொண்டிருக்கும் நெல்லுக்குக் கிடைக்கவில்லை. 1996-இல் வேலையை விட்டார். மறு ஆண்டு ‘விரீஹி’ என்ற நாட்டு நெல் விதை வங்கியைத் தொடங்கினார். கிழக்கு இந்தியாவில் அரசு சாராத முதல் நெல் விதை வங்கி அதுதான். பாங்குரா மாவட்டத்தில் ‘பசுதா’ என்ற பண்ணையும் உருவானது. பின்னாளில் அந்தப் பண்ணைதான் ஒடிசாவுக்கு இடம்பெயர்ந்தது.

வயலைவிட்டுப் போனவை

அவர் தேடத் தொடங்கியபோதே பாதிக்கு மேல் காலம் கடந்திருந்தது. 1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. ரசாயன உரமும் தண்ணீரும் தட்டாமல் கிடைத்தால் கொட்டித் தந்தது. அரசின் கடன், மானியம், கொள்முதல், வேளாண் அலுவலர்களின் அறிவுரை எல்லாம் அதன் பின்னால் அணிவகுத்தன. விதைநெல்லைக் குதிரில் எடுத்து வைக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்குள் பல ஊர்களில் நின்றுபோனது. விதைநெல் ஓரிரு பருவம் விதைக்கப்படாமல் கிடந்தாலே முளைப்புத் திறனை இழக்கும். ஊரில் கடைசியாக அதைப் பயிரிட்டவர் கைவிட்டால் அந்த ரகம் அந்த ஊரில் முடிந்தது.

1970-களுக்கு முன் இந்தியாவில் சுமார் 1,10,000 நாட்டு நெல் ரகங்கள் இருந்தன என்பது தேபல் தேவ் தன் கட்டுரைகளில் தரும் மதிப்பீடு. அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் வயல்களிலிருந்து மறைந்துவிட்டன என்கிறார். மேற்கு வங்கத்தில் மாவட்டம் மாவட்டமாக அலைந்து, சாலை போகாத ஊர்களிலும் மானாவாரி மேட்டு நிலங்களிலும் மிச்சமிருந்ததைத்தான் அவர் சேகரித்தார். பாசனமும் உரக்கடையும் எட்டாத ஏழை விவசாயிகளிடம்தான் விதைச் செல்வம் தங்கியிருந்தது.

அவருக்கு முன்னே இந்தப் பாதையில் நடந்தவர் ஆர்.எச். ரிச்சாரியா. கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த அவர், வெளிநாட்டுக் குட்டை ரகங்களை முறையான நோய்ச் சோதனை இல்லாமல் உள்ளே விடக் கூடாது என்று 1960-களில் வாதாடினார். பதவிதான் போனது. பிறகு, இன்று சத்தீஸ்கராக இருக்கும் பகுதியில் சுமார் 19,000 நெல் மாதிரிகளைத் திரட்டினார். அந்தச் சேகரிப்பு ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 2002-இல் அந்தப் பல்கலைக்கழகம் பன்னாட்டு விதை நிறுவனமான சின்ஜெண்டாவுடன் கூட்டு ஆய்வுக்குத் தயாரானது. விவசாயிகளும் சமூக அமைப்புகளும் கொதித்தெழுந்த பிறகே திட்டம் கைவிடப்பட்டது. ஊர் ஊராக விவசாயிகள் கொடுத்த விதையை, அவர்களைக் கேட்காமலேயே இன்னொருவருக்குத் திறந்துவிடும் அதிகாரம் கிடங்கின் சாவி வைத்திருப்பவருக்கு வந்துவிடுகிறது. சாவியே இல்லாத விதை வங்கி ஒன்று வேண்டும் என்று தேபல் தேவ் முன்பே நினைத்தது சரிதான் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

உறைய வைக்காத வங்கி

பெரிய மரபணு வங்கிகள் விதையை உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி குளிரில் வைக்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு உயிர் போகாது. ஆனால் அந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வெளியே பூச்சி மாறுகிறது, நோய்க் கிருமி மாறுகிறது, மழை மாறுகிறது. விதை மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது. இன்னொரு சிக்கல், ஆராய்ச்சியாளருக்குத் திறக்கும் அந்தக் கதவு பாங்குராவின் குறு விவசாயிக்குத் திறப்பது அரிது. ஆகவே விரீஹியில் குளிர் அறை கிடையாது. எல்லா ரகங்களையும் ஒவ்வொரு ஆண்டும் விதைத்து, நட்டு, அறுத்துப் புதுப்பிக்கிறார்கள்.

சொல்ல எளிது. செய்யும்போதுதான் சங்கடம் தெரியும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர் என்றாலும், பக்கத்துப் பாத்தியின் மகரந்தம் காற்றில் வந்து கலப்பதும் உண்டு. ஆயிரக்கணக்கான ரகங்களைப் போதிய இடைவெளி விட்டு நட வேண்டுமென்றால் ஒரு ஊரே வேண்டும். தேபல் தேவ் இடத்துக்குப் பதில் காலத்தை இடைவெளியாக்கினார். ஒவ்வொரு ரகமும் எந்த நாளில் பூக்கும் என்று குறித்துவைத்து, அடுத்தடுத்த பாத்திகள் ஒரே சமயத்தில் பூக்காதபடி நடவு வரிசையை அமைக்கிறார். அதையும் மீறி முளைக்கும் கலவன்களைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குகிறார்கள். இலையின் நீள அகலம், தூரின் நிறம், நெல்மணியின் நுனியில் வால் உண்டா இல்லையா, அரிசியின் வாசனை என 50-க்கும் மேற்பட்ட குணங்கள் ஒவ்வொரு ரகத்துக்கும் பதிவாகின்றன.

இந்தப் பதிவேடு அறிவியல் ஆர்வத்துக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. விரீஹி தொடங்கிய அதே 1997-இல்தான், அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நிறுவனமான ரைஸ்டெக் பாசுமதிக்குக் காப்புரிமை வாங்கியது. இந்தியா ஆதாரங்களோடு எதிர்த்த பின்னரே அதன் முக்கியமான கோரிக்கைகள் விழுந்தன. எழுத்தில் இல்லாத நெல்லை யார் வேண்டுமானாலும் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்த நெல், இந்த ஊரில், இந்தக் குணங்களோடு ஏற்கெனவே இருக்கிறது என்று அச்சில் வந்துவிட்டால் அந்தக் கதவு அடைபடும். கிழக்கிந்திய நாட்டு நெல் ரகங்களைப் பற்றி 2005-இல் அவர் வெளியிட்ட நூலும் அப்படியொரு வேலிதான்.

உப்பு நீரும் வெள்ளமும்

2009 மே மாதம் அய்லா புயல் சுந்தரவனப் பகுதியைச் சாய்த்தது. கடல் நீர் கரையை உடைத்து வயலுக்குள் புகுந்தது. உவர் ஏறிய மண்ணில் நவீன ரகங்கள் நிற்கவில்லை. விரீஹி தன்னிடமிருந்த லால் கேட்டு, நோனா போக்ரா, தால்முகுர் போன்ற உப்பைத் தாங்கும் நெல்லைச் சில விவசாயிகளுக்குக் கொடுத்தது. அளவு குறைவுதான், ஆனால் அந்தப் பருவத்திலேயே கதிர் பிடித்தது. முன்னோர் அந்த மண்ணுக்கென்றே தேர்ந்தெடுத்து வைத்த விதை, ஒரு தலைமுறை இடைவெளிக்குப் பிறகு தன் ஊருக்குத் திரும்பியது.

ராணி காஜல், ஜாப்ரா, லட்சுமி தீகல் போன்றவை நீர் ஏற ஏறத் தண்டை நீட்டிக்கொண்டே போகும் ஆழ்நீர் நெல். காலோ கோரா, கேலாஸ், பூத்முரி ஆகியவை வறட்சிக்குப் பெயர் போனவை. எந்த ஆண்டில் எது வரும் என்று சொல்ல முடியாத காலத்தில், ஒரே விதையை மாநிலம் முழுக்க விதைப்பது சூதாட்டம் என்கிறார் தேபல் தேவ்.

சென்னை ஆய்வகம் சொன்ன சாட்சி

பூத்முரிக் கஞ்சி ரத்தம் ஊற வைக்கும் என்ற பேச்சை அவர் பேச்சாகவே விடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் ஆய்வுக் குழுவுடன் சேர்ந்து நாட்டு அரிசிகளில் உள்ள உலோகச் சத்துகளை அளந்தார். பூத்முரியில் இரும்புச் சத்து இருப்பது உறுதியானது. ஹரின் காஜ்லி போன்ற சில ரகங்களில் கிலோவுக்கு 130 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தது. இரும்பு கூட்டிய புது அரிசியை உருவாக்கக் கோடிகள் செலவாகும் நாட்டில், இரும்புள்ள பழைய அரிசி கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது.

கரீப் சால் என்ற நெல்லின் கதை இன்னும் விசித்திரமானது. அது வயிற்று உபாதைக்கு நல்லது என்பது மக்கள் வழக்கு. சாதாரண மண்ணில் விளைந்த அந்த அரிசியில் கிலோவுக்கு சுமார் 15 மில்லிகிராம் வெள்ளி சேர்ந்திருப்பதை 2017-இல் இந்தக் கூட்டு ஆய்வு வெளியிட்டது. அந்த வெள்ளி தங்கியிருப்பது தவிட்டுப் படலத்தில். கிருமியை ஒடுக்கும் குணம் வெள்ளிக்கு உண்டு. அரிசியைப் பளபளவென்று தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும்.

விடை தேடும் கேள்விகள்

நாட்டு நெல் நாட்டுக்குச் சோறு போடுமா என்பது அவரிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி. பாசனமும் உரமும் குறையாத நிலத்தில் நவீன ரகங்கள் கூடுதலாக விளைவது உண்மை. ஆனால் மானாவாரி மேட்டிலும் உவர் நிலத்திலும் வெள்ளக் காட்டிலும் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே கைவிடாமல் விளைவது நாட்டு ரகம்தான். அதோடு, கிடங்கில் தானியம் மக்கும்போதே மக்கள் பசித்திருக்கும் நாட்டில் பஞ்சத்துக்குக் காரணம் விளைச்சல் குறைவு மட்டுமல்ல என்பதும் அவர் பதில். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் விவசாயிக்கு இது போதாது. ரகம் ரகமாகப் பிரித்து வாங்கவும், தனித்தனியாக அரைக்கவும் அங்கே ஏற்பாடு இல்லை. சந்தை கேட்பது ஒரே நிறம், ஒரே நீளம்.

பணத்துக்கும் அவர் வழி தனி. பெருநிறுவன நிதியை வாங்குவதில்லை. நண்பர்களின் நன்கொடையும், வெளியே பாடம் நடத்திப் பெறும் ஊதியமுமே வங்கியை நடத்துகின்றன. ஒருவரின் பிடிவாதத்தை அச்சாணியாகக் கொண்ட இந்த அமைப்பு அவருக்குப் பிறகும் ஓடுமா என்ற கவலை நியாயமானது.

அந்தக் கவலைக்கு அவர் வைத்திருக்கும் ஏற்பாடு, விதையை வெளியே அனுப்பிவிடுவதுதான். விவசாயி ஒரு கிலோ விதையை இலவசமாக எடுத்துப் போகலாம். விளைந்த பிறகு அதே அளவைத் திருப்பித் தர வேண்டும், அல்லது தன்னிடமுள்ள வேறு நாட்டு ரகத்தைத் தர வேண்டும். நமக்கு இது புதிதல்ல. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தின் நெல் திருவிழாவில் 2 கிலோ கொடுத்து மறு ஆண்டு 4 கிலோ வாங்கியதும் இதே கணக்குத்தான். திரும்பி வரும் விதை, அது அந்த மண்ணில் விளைந்தது என்பதற்கான அத்தாட்சி. அதற்குள் இன்னொரு குதிரிலும் அதே விதை சேர்ந்திருக்கும்.

ஆகவே விரீஹியை எடைபோட வேண்டியது அதன் பட்டியலில் உள்ள 1,400 என்ற எண்ணை வைத்து அல்ல. அங்கிருந்து விதை வாங்கிப் போனவர்களில் எத்தனை பேர் சொந்த விதைநெல்லை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள் என்பதை வைத்து. அவர்கள் மறுபடியும் விதை கேட்டு வராவிட்டால், தேபல் தேவ் வேலையை விட்டுவிட்டு வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பொருள்.