உங்கள் சப்பாத்திக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம்?

கொடைக்கானல் என்றதும் மலைப்பூண்டும் பேரிக்காயும்தான் ஞாபகத்துக்கு வரும். கோதுமை? யாருக்கும் தோணாது. ஆனால், மத்தியப் பிரதேச வயலில் கோதுமை மகசூல் விழுவதற்கான காரணம் பழனி மலையிலிருந்தும் கிளம்பலாம்.

என்ன நோய் இது?

பெயர் தண்டுத் துரு நோய். காரணம் ஒரு பூஞ்சை. தண்டில் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புக் கொப்புளங்கள் வெடிக்கும். தொட்டால் பொடி விரலில் ஒட்டும். பயிரின் சத்தைப் பூஞ்சை உறிஞ்சிவிட, கோதுமை மணி சுருங்கிப்போகும்.

மலைக்கு என்ன பங்கு?

இந்தப் பூஞ்சை வளர உயிருள்ள பயிர் தேவை. சமவெளியில் அறுவடைக்குப் பின் அடிக்கும் கோடை வெயிலை அது தாங்காது. நீலகிரியும் பழனி மலையும் அப்படியல்ல. அங்கே குளிர்ச்சி உண்டு. கோடையிலும் கோதுமை வளரும். துருப் பூஞ்சைகள் மலைகளில்தான் கோடையைக் கடக்கின்றன என்பதை 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் விளக்கியவர் ஆக்ரா விஞ்ஞானி கே.சி.மேத்தா. நவம்பர் மாத வங்கக்கடல் புயல்கள் தென்மலைகளின் பூஞ்சை வித்துகளைச் சுமந்துபோய், மத்திய இந்தியாவில் மழையோடு இறக்குகின்றன என்பது பிறகு தெரியவந்தது.

தீர்வு எங்கே?

அதுவும் மலையில்தான். நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. அங்கே துரு இயற்கையாகவே வருவதால், எந்த ரகம் தாங்கும் என்று வயலிலேயே பார்த்துவிடலாம். சமவெளியில் குளிர்காலத்தில் ஒரு தலைமுறை, வெலிங்டனில் கோடையில் இன்னொன்று என ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வளர்க்கலாம்.

எதிர்ப்பு மரபணு கோதுமைக்குள்ளேயே இருக்கணும் என்றில்லை. 'எஸ்ஆர் 24' என்ற மரபணு, கோதுமையின் உறவுக்காரப் புல் ஒன்றிலிருந்து வந்தது.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. பூஞ்சையும் மாறும். எஸ்ஆர் 24-ஐ மீறும் பூஞ்சை வகை இந்தியாவில் 1990-லேயே பதிவானது. அதனால்தான் ஒரே மரபணுவை நம்பாமல், பலவற்றை ஒரே ரகத்தில் சேர்க்கிறார்கள். ஒரு பூட்டு உடைந்தாலும் அடுத்தது தடுக்கும். வெலிங்டனில் உருவான 'ஹெச்டபிள்யூ 5207' இந்த வழியில் வந்த ரகம்.

மலை விவசாயி துரு தாங்கும் ரகத்தை விதைத்தால் அவர் வயல் மட்டும் பிழைப்பதில்லை. நவம்பர் புயல் சுமந்துபோகும் வித்தும் குறையும்.