உபபக்கவாத்தியம் நால்வரில் ஒன்றான கதை

ஜாஸ் என்றவுடன் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் ஆரியசாலை இல்லங்களில் சிலர் உண்டு. அவர்களும் செவிசாய்க்கத் தக்க இசைத்தட்டு ஒன்றை இங்கு அறிமுகம் செய்கிறோம்.

1976-இல் ‘சக்தி’ குழுவினர் நால்வர் இலண்டன் டிரைடன்ட் ஒலிப்பதிவு நிலையத்தில் பதிவு செய்தது அது. ஜான் மெக்லாஃப்லின் கிதார்; எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். அம்மையாருக்கு வாசித்த அதே கரங்கள்!

1975-இல் அமெரிக்கக் கல்லூரியொன்றில் நேர்க் கச்சேரியாகப் பதிவான முதல் தட்டில் ஆர். ராகவனின் மிருதங்கமும் உண்டு. அவர் விலகியபின் தாளத்தின் பாரம் தபலாவையும் கடத்தையுமே சார்ந்தது. நவராத்திரிக் கச்சேரிகளில் நாம் காண்பது என்ன? மிருதங்கத்தைப் பின்தொடரும் உபபக்கவாத்தியம் கடம். தனி ஆவர்த்தனம் வரும்வரை அது காத்திருக்கும். ஜாஸ் நால்வர் குழுவிலோ தாளக்காரரும் சமமாக உரையாடுபவர். 1964 டிசம்பர் 9 அன்று ஜான் கோல்ட்ரேன் குழுவினர் அவ்விதம் கூடி வாசித்தே ஒரு முழுத் தட்டை ஒரே அமர்வில் முடித்தனர்.

மெக்லாஃப்லின் வீணை பயின்றவர். கமகம் பிடிக்கவென்று கிதாரின் விரற்பலகையைக் குடைந்து அமைத்துக்கொண்டார். எனினும் தட்டின் முதல் உருப்படியைத் தொடங்குவது கிதாரன்று, கொன்னக்கோல்! நம் பிள்ளைகள் சொல்லக் கூசும் அதே சொற்கட்டு.

2024-இல் ‘சக்தி’ கிராமி விருது பெற்றபோது குழுவில் விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ் இருந்தார். அவர் வாசித்தது கஞ்சிரா, அதுவும் உபபக்கவாத்தியமே.