சதுப்பு நிலத்தில் முழங்குவது யார்?

நாணல் அடர்ந்த சதுப்பு நிலம். நள்ளிரவில் அங்கிருந்து 'பூம்... பூம்...' என்று ஓர் ஒலி எழுகிறது. காளை ஒன்று முக்காரமிடுவது போலிருக்கிறது. ஆனால் அங்கே காளை எதுவும் இல்லை! அது 'பன்யிப்' எழுப்பும் குரல் என்று நம்பியவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தனர்.

பன்யிப் என்பது தென்கிழக்கு ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கதைகளில் வரும் நீர்ப் பிராணி. ஆற்று மடுக்களிலும் குட்டைகளிலும் பதுங்கியிருந்து, கரைக்கு வருவோரை இழுத்துச் செல்லுமாம். ஒரு கதையில் அதற்கு நாய் முகம். இன்னொன்றில் நீண்ட கழுத்தும் பிடரிமயிரும். குழந்தைகள் ஆழமான நீரை நெருங்காமலிருக்க இக்கதைகள் உதவின.

அங்குக் குடியேறிய ஐரோப்பியர்கள், கங்காருவையும் பிளாட்டிபஸையும் கண்டு வியந்தவர்கள். ஆகவே பன்யிப்பும் இருக்கலாம் என்று எண்ணினர். 1846இல் மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் விசித்திரமான மண்டையோடு ஒன்று கிடைத்தது. மறு ஆண்டு அது சிட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்களில் பலர், தாங்களும் பன்யிப்பைக் கண்டதாகக் கூறினர்! ஆனால் அறிஞர்கள் சோதித்தபோது, அது உருக்குலைந்து பிறந்த குதிரைக் குட்டி அல்லது கன்றின் மண்டையோடு என்று தெரிந்தது.

அப்படியானால் கதை எப்படிப் பிறந்தது? கடல்வாழ் சீல்கள் சில சமயம் ஆறுகளில் வெகுதூரம் உள்ளே நீந்தி வருவதுண்டு. அவற்றின் முகம் நாயைப் போன்றது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்த டைப்ரோடோடான் என்னும் பெரிய விலங்கின் நினைவாகவும் இருக்கலாம். 2,700 கிலோ வரை எடையுள்ள இது, கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்த்த இனம். பன்யிப்புக்கும் இத்தகைய விலங்குகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1871இல் ஜார்ஜ் பென்னட் கருதினார்.

சரி, அந்தக் குரல்? அதற்கு உரியது பிட்டர்ன் என்னும் பறவை. கொக்கு இனத்தைச் சேர்ந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தன் உணவுக்குழாயைக் காற்றால் உப்பச் செய்து முழங்கும். ஆள் அரவம் கேட்டால் கழுத்தை நிமிர்த்தி, நாணலோடு நாணலாக அசையாமல் நின்றுவிடும். குரல் கேட்கும், உருவம் தெரியாது! மக்கள் இதைப் 'பன்யிப் பறவை' என்றே அழைத்தனர்.

சதுப்பு நிலங்கள் வற்றியதால் இன்று இப்பறவை அழிவின் விளிம்பில் உள்ளது. மண்டையோடு கிடைத்த அதே மரம்பிட்ஜி ஆறு பாயும் நெல் வயல்களில் இது இப்போது கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறக்கும் வரை வயலில் நீரை நிறுத்தி, உழவர்கள் சிலர் அதைக் காத்து வருகின்றனர்.