உறைந்த இறைச்சியும் உறங்கும் கிருமிகளும்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னை நகரைத் தாக்கியது. மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லாது போயிற்று. அந்நாட்களில் குளிர்பதனப் பெட்டியுள்ள பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். உறைய வைத்திருந்த இறைச்சி இளகிவிட்டது. மின்சாரம் வந்ததும் அதை மீண்டும் உறைய வைக்கலாமா, எறிந்துவிட வேண்டுமா? காசு கொடுத்து வாங்கிய பொருளை எறிய மனம் வராது. வைத்திருந்து உண்ணவும் அச்சம் விடாது. இக்கேள்விக்கு அறிவியல் தரும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

ஒருமுறை இளகிய இறைச்சியை மறுமுறை உறைய வைத்தால் அது நஞ்சாகிவிடும் என்பர் சிலர். மீண்டும் உறைந்துவிட்டால் கிருமிகள் மாண்டுவிடும், அஞ்ச வேண்டா என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளும் பிழையானவை. குளிர் நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்பதை அறிந்தால் இப்பிழை நீங்கும்.

பச்சை இறைச்சியில் நுண்ணுயிர்கள் இருக்கவே செய்யும். கோழியிறைச்சியில் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் இருக்கலாம். நீரும் ஊட்டமும் நிறைந்த இறைச்சி அவற்றுக்கு நல்ல விளைநிலம். ஏறத்தாழ 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் அவை பெருகுகின்றன. 4 டிகிரிக்குக் கீழே பெருக்கம் மிகவும் தளர்கிறது. உறைய வைக்கும் அறையின் வெப்பநிலையாகிய பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியில் அது அடியோடு நின்றுவிடுகிறது. ஆனால் பெருக்கம் நிற்பது வேறு. உயிர் போவது வேறு. உறைதலினால் சில கிருமிகள் மடிவது உண்மையே. எனினும், பல பிழைத்துக் கிடக்கின்றன. கோடையில் வறண்ட வயலில் விதைகள் மழையை எதிர்நோக்கிக் கிடப்பது போல, அவை வெம்மையை எதிர்நோக்கி உறங்குகின்றன.

இனி ஒரு சிறு கணக்கு. ஏற்ற சூழலில் பாக்டீரியா ஒன்று சுமார் 20 நிமிடங்களில் இரண்டாகும். அவ்வாறாயின், ஒன்று ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். இப்போது அந்த இறைச்சியை மீண்டும் உறைய வைத்தால் என்ன நேரும்? 4,096 என்பது குறைந்து ஒன்றாகிவிடாது. அவற்றுள் பெரும்பகுதி அப்படியே உறங்கும். அடுத்த முறை இறைச்சி இளகும்போது கணக்கு பழைய இடத்திலிருந்து தொடங்காது. விட்ட இடத்திலிருந்தே தொடரும். மறுமுறை உறைய வைப்பதிலுள்ள ஆபத்து இதுதான். உறைதல் புதிய நஞ்சு எதையும் உண்டாக்குவதில்லை. இளகியிருந்த வேளையில் நேர்ந்த கேட்டை அது நீக்குவதுமில்லை.

ஆகவே, இறைச்சி எங்கே இளகியது, எவ்வளவு நேரம் இளகியிருந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில் இளகிய பச்சை இறைச்சியைச் சமைக்காமலே மீண்டும் உறைய வைக்கலாம். கோழியும் கொத்திறைச்சியும் ஆயின் இளகிய ஓரிரு நாட்களுக்குள்ளும், ஆட்டிறைச்சித் துண்டுகளாயின் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள்ளும் அதனைச் செய்துவிட வேண்டும். குளிர்ந்த நீரிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ இளக்கியிருந்தால், உடனே சமைத்து, அதன்பின் உறைய வைப்பதே முறை. சமையலறை மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சியை விலக்கிவிட வேண்டும். நம் ஊர்க் கோடையைப் போல வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் இக்கெடு ஒரு மணி நேரமேயாகும். நடுப்பகுதி இன்னும் கல்போல் இருக்கிறதே என்று எண்ணி ஏமாறலாகாது. நடுவில் பனி இருக்கும்போதே மேற்புறம் வெம்மையடைந்து கிருமிகளுக்கு இடங்கொடுத்துவிடும்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா என்று நீங்கள் வினவக்கூடும். கொதித்தல் கிருமிகளைக் கொல்லும். ஆயின், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் முன்னரே உண்டாக்கிவிட்ட நச்சுப்பொருள் கொதிநீரிலும் அழியாது. மோந்து பார்த்து முடிவு செய்யலாமே எனில், அதுவும் தகாது. நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் வேறு. நோயை உண்டாக்கும் கிருமிகள் வேறு. நாற்றமற்ற இறைச்சியும் நோய் தரக்கூடும்.

பாதுகாப்புக்கு அப்பால் சுவை என்பதும் ஒன்று உண்டு. வீட்டுப் பெட்டியில் இறைச்சி மெதுவாக உறைவதால் பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் தசையின் நுண்ணிழைகளைச் சிதைக்கின்றன. இளகும்போது வடியும் செந்நீர் இச்சிதைவின் விளைவே. மறுமுறை உறைந்து இளகினால் சாறு மேலும் வடிந்து, இறைச்சி சக்கை போலாகும். அது சுவைக் குறைவேயன்றி நோய்க்குக் காரணமாகாது.

இனிப் புயல்நாளின் கேள்விக்கு வருவோம். கதவைத் திறவாதிருந்தால், நிறைந்த உறைவறை சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். மின்சாரம் வந்தபின், இறைச்சியில் பனித்துகள்கள் எஞ்சியிருந்தால், அல்லது அதன் வெப்பநிலை 4 டிகிரிக்கு மேற்படாதிருந்தால், மீண்டும் உறைய வைக்கலாம். நாம் வெளியூர் சென்றிருந்தபோது மின்சாரம் நின்று வந்திருந்தால் எவ்வாறு அறிவது? அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஒரு குவளை நீரை உறைய வைத்து, அப்பனிக்கட்டியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், நீர் முழுவதும் உருகிப் பின் உறைந்திருக்கிறது என்பது பொருள். பெட்டியிலுள்ள இறைச்சி பார்வைக்குக் கல்போல் இருப்பினும், அதனை எறிந்துவிடுவதே அறிவுடைமை.

இத்தனைக்கும் மேலான வழி ஒன்றுண்டு. இறைச்சியை வாங்கிய அன்றே ஒருவேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பகுத்துத் தனித்தனியே கட்டி உறைய வைத்துவிடுங்கள். வேண்டியதை மட்டும் முதல்நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் அது குளிரிலேயே மெல்ல இளகும். மீதியை மறுமுறை உறைய வைக்கலாமா என்னும் கேள்வி பெரும்பாலும் எழாது.