பேசும் கரங்கள்

மொழி என்றவுடன் நாவையும் செவியையுமே நாம் எண்ணுகிறோம். கையும் முகமும் சேர்ந்து ஒரு முழுமையான மொழியாக இயங்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று தேடி, டத்தோ கிராமாட்டில் வாழும் நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் பினாங்குத் தீவிலேயே அத்தகைய மொழியொன்று பிறந்தது. அதை உருவாக்கியோர் அறிஞர் அல்லர். சிறுவர் சிறுமியரே ஆவர்.

1954ஆம் ஆண்டில், காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி பினாங்கில் தொடங்கப்பட்டது. அந்நாளில் வகுப்பறைகளில் வாய்மொழி முறையே மேலோங்கி நின்றது. ஆசிரியரின் உதட்டசைவைக் கண்டு பொருளுணர்ந்து, வாயாலேயே விடை கூற மாணவர் பழக வேண்டும். 1880ஆம் ஆண்டில் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு இம்முறையே சிறந்ததெனத் தீர்மானித்திருந்தது.

அஃது எளிய செயலா? மாணவர்களே, கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்னும் சொற்களை ஒலியெழுப்பாமல் உச்சரித்துப் பாருங்கள். உதடுகள் இரண்டிற்கும் ஒன்றுபோலவே அசையும். ஒரு பாடம் முழுவதையும் இவ்வாறு ஊகித்தே கற்பது எத்துணைக் கடினம்!

ஆகவே வகுப்பறைக்கு வெளியே அப்பிள்ளைகள் தம் கரங்களால் உரையாடினர். நாளடைவில் அதுவே 'பினாங்குச் சைகை மொழி' என்னும் பெயர் பெற்றது. சைகை மொழியில் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் ஆகியவை மாறினால் பொருளும் மாறும். முகத்திற்கும் அதில் இலக்கணப் பணி உண்டு; பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்தினால் கூற்று வினாவாகிவிடும். முகக்கவசம் அணிந்திருந்த 2020ஆம் ஆண்டில் காது கேளாதோர் எத்துணை இடர்ப்பட்டிருப்பர் என்பதை இதனால் உணரலாம்.

1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். அவருடைய தாயாரும் பின்னாளில் அவர் மணந்த மனைவியாரும் செவிப்புலன் குன்றியவர்கள். அவ்விருவருக்கும் பயன்படாத கருவியையே அவர் உலகிற்கு அளித்தார் என்பது விந்தையே! வாய்மொழி முறையையும் அவர் வலியுறுத்தினார். குரலை மட்டுமே சுமந்த அக்கருவி, இன்று கைப்பேசியாகி முகத்தையும் விரல்களையும் சுமக்கின்றது. காது கேளாத மகள் ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து பினாங்கிலுள்ள தன் தாயுடன் கைகளாலேயே அளவளாவ முடிகிறது.

மலேசியச் சைகை மொழியை 2008ஆம் ஆண்டுச் சட்டம் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுக்கொண்டது. மிலான் தீர்மானங்களையும் 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. ஆயின் பினாங்குச் சைகை மொழியைக் கையாள்வோர் இன்று பெரும்பாலும் முதியோரே. அதற்கு எழுத்து வடிவம் இல்லை. அவர்தம் கரங்கள் ஓயுமுன் அம்மொழியைப் படக்கருவியில்தான் பதிந்து வைக்க வேண்டும்.