அழுகிய கத்தரிக்காயில் கிடைத்த மருந்து

கல்லூரி மாணவி எடுத்து வைத்தது எட்டு ஆண்டு கழித்து ஓர் உயிருக்குத் துணை வந்தது

அழுகிய கத்தரிக்காயைக் கண்டால் எந்த வீட்டிலும் குப்பையில்தான் போடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி மாணவி அப்படிப் போட்டுவிடவில்லை. அழுகிப்போன ஒரு கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து மாதிரி எடுத்துக் கொண்டு பரிசோதனைச் சாலைக்குப் போனார். அவர் தேடியது கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸை. தேடியது கிடைத்தது.

எட்டு ஆண்டுகள் சென்றன. ஒன்பதாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், பிழைப்பது அரிது என்று கருதப்பட்ட 15 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் அந்த வைரஸ் மருந்தாகச் செலுத்தப்பட்டது. பெண் தேறினாள்.

கத்தரிக்காயை எடுத்துச் சென்றவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்ல, பேராசிரியரும் அல்ல. குவாஸுலு-நட்டால் பல்கலைக் கழகத்தில் அப்போது பட்டப் படிப்பில் இருந்த லில்லி ஹோல்ஸ்ட் என்ற மாணவி. அந்த வைரஸுக்கு இடப்பட்ட பெயர் 'மடி'. நம் மொழியில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு; ஆங்கிலத்தில் இது 'சேறு படிந்தது' என்று அர்த்தப்படும்.

டர்பன் என்ற பெயர் தமிழருக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகிப் போன நம்மவர்களை 1860 நவம்பர் 16 அன்று இறக்கிவிட்டது அந்தத் துறைமுகத்தில்தான். அங்கே ஆங்கிலம் பேசுவோரும் கத்தரிக்காயை, நம் நாட்டு ஆங்கிலத்தில் சொல்வது போலவே, 'பிரிஞ்சால்' என்றுதான் சொல்கிறார்கள்.

கிருமியைத் தின்னும் கிருமி

மனிதனுக்கு நோய் தரும் பாக்டீரியாக்களுக்கும் எதிரிகள் உண்டு. பாக்டீரியாவின் உடம்புக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, கடைசியில் அதை வெடிக்கச் செய்து வெளிவரும் வைரஸ்கள் அவை. 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர். சுருக்கமாக 'ஃபேஜ்' என்பார்கள். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். மண், சாக்கடை, குளத்து நீர், அழுகிய காய் என்று பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் ஃபேஜும் இருக்கும். மனிதனுடைய உயிரணுக்களை அது தாக்குவதில்லை.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகளைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக 1896-இல் எழுதினார். லண்டனில் ட்வோர்ட் என்பவர் 1915-லும், பாரிஸில் தெரேல் என்பவர் 1917-லும் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தார்கள். தெரேல் 1920-களில் இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு அதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்.

பிறகு பெனிசிலின் வந்தது. மேலை நாடுகள் ஃபேஜை மறந்தன. இப்போது எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் பெருகிவிட்டதால் பழைய வைத்தியத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பாடமே ஆராய்ச்சி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல் என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக ஃபேஜ்களை ஆராய்ந்து வருபவர். பள்ளி, கல்லூரி மாணவர்களையே ஃபேஜ் தேடும் வேலையில் அவர் இறக்கினார். 2008-இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவோடு அது பல கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கான பாடமாகவே ஆயிற்று. இந்த முயற்சியின் கிளையாக டர்பனில் நடந்த பயிற்சியில்தான் 'மடி' கிடைத்தது.

சாதாரணமாகக் கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் என்ன நடக்கிறது? விடை முன்பே தெரிந்த சோதனையை மாணவன் செய்கிறான். விடை வராவிட்டால் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதிக் கொள்கிறான். ஹாட்ஃபுல் ஏற்படுத்திய பாடத்தில் பக்கத்து மேஜையைப் பார்த்துப் பயனில்லை. பக்கத்து மேஜைக்காரருக்குக் கிடைப்பது வேறு ஃபேஜ்.

செய்முறை பெரிய மர்மமல்ல. ஒரு கரண்டி மண்ணை நீர்க்கரைசலில் கலக்கி, பாக்டீரியாவே நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடிக்கிறார்கள். வைரஸ் மட்டும் கீழே இறங்கும். வடித்த நீரை, காச நோய்க் கிருமிக்கு உறவான ஆனால் அபாயமற்ற ஒரு பாக்டீரியாவுடன் கலந்து, தட்டில் ஊற்றி, உடல் சூட்டில் வைக்கிறார்கள். ஓரிரு நாளில் தட்டு முழுவதும் பாக்டீரியா பால் ஆடை போலப் படரும். அந்த ஆடையில் எங்காவது ஊசித் துளை போல் ஒரு தெளிந்த வட்டம் தெரிந்தால், அங்கே ஃபேஜ் தன் வேலையைக் காட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வட்டத்தைத் தொட்டெடுத்து, மறுபடி மறுபடி வளர்த்துச் சுத்தமாக்கி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து, அதன் மரபுக் குறியீட்டைப் படிக்கிறார்கள். பெயர் வைக்கும் உரிமை கண்டவருக்கு. எந்த ஊர், எந்த நாள், எந்த இடம், யார் எடுத்தது என்ற விவரத்தோடு பதிவாகி, ஃபேஜ் பிட்ஸ்பர்க்கின் குளிர்ப்பெட்டிக்குப் போகிறது. அங்கே இப்படிச் சேர்ந்தவை பத்தாயிரத்துக்கும் மேல்.

லண்டனிலிருந்து வந்த வேண்டுகோள்

2017 அக்டோபரில் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. இரண்டு இளம் நோயாளிகள். இருவருக்கும் பிறவியிலேயே நுரையீரலைக் கெடுக்கும் வியாதி. இருவருக்கும் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மாற்றிய உறுப்பை உடல் ஏற்பதற்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, காச நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த 'மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்' என்ற கிருமி உடலில் பரவிவிட்டது. எந்த மருந்தும் கேட்கவில்லை.

ஹாட்ஃபுல் குழுவினர் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரு நோயாளிகளின் கிருமிகள் மீதும் சோதித்தார்கள். வாரங்கள் ஓடின. 2018 ஜனவரிக் கடைசியில் ஒரு நோயாளியின் கிருமியைக் கொல்லும் ஃபேஜ் அகப்பட்டது. ஆனால் அந்த நோயாளி அதே மாதத்தில் சில நாட்களுக்கு முன்பே இறந்து போயிருந்தார்.

மீதமிருந்தது 15 வயதுப் பெண். அறுவை செய்த காயம் ஆறவில்லை. ஈரலில் கிருமி. தோலில் கட்டி கட்டியாகப் புடைப்புகள். அவளுடைய கிருமிக்கு மூன்று ஃபேஜ்கள் ஏதோ ஒரு விதத்தில் பொருந்தின. அவற்றுள் 'மடி' ஒன்றுதான் எடுத்த எடுப்பிலேயே கிருமியைத் தீர்த்துக் கட்டியது. மற்ற இரண்டையும் மரபணுவில் சிறு மாற்றம் செய்து வலுவேற்ற வேண்டியிருந்தது. ஒன்றுக்குக் கிருமி தப்பினாலும் மற்றொன்றுக்குத் தப்பாதிருக்க மூன்றையும் சேர்த்தார்கள்.

2018 ஜூனில் சிகிச்சை ஆரம்பமாயிற்று. ஒரு வேளைக்கு நூறு கோடி ஃபேஜ்கள். நாளுக்கு இரண்டு வேளை. ஆறு வாரம் கழித்து ஈரலைப் படம் எடுத்துப் பார்த்தபோது அங்கே நோய் அநேகமாக மறைந்திருந்தது. காயம் மூடியது. புடைப்புகள் மெல்ல வடிந்தன. 2019 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் இந்த விவரம் வெளியானது. இந்த இனக் கிருமிக்கு ஃபேஜ் கொடுத்ததும், மரபணு மாற்றிய ஃபேஜை மனிதருக்குக் கொடுத்ததும் அதுவே முதல் தடவை.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவரின் கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜ் இன்னொருவரின் கிருமிக்குப் பொருந்தாமல் போகலாம். இதே முறையில் சிகிச்சை பெற்ற 20 நோயாளிகளைப் பற்றி 2022-இல் வெளியான அறிக்கையில், நல்ல பலன் கண்டவர்கள் 11 பேர்தான். ஆனால், வேறு வழியே இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

பெயர் எப்படி நிலைக்கிறது?

லில்லி ஹோல்ஸ்ட் 2010-இல் வேலை செய்தபோது லண்டன் பெண்ணைப் பற்றி அவருக்கோ வேறு யாருக்குமோ தெரியாது. அவர் செய்ததெல்லாம், கிடைத்ததை ஒழுங்காகச் சுத்தம் செய்து, எங்கே எடுத்தது என்று சரியாக எழுதி, பத்திரமாகச் சேர்த்து வைத்ததுதான். அந்தப் பதிவேட்டில் ஒரு வரி தவறியிருந்தாலோ, குப்பியில் வேறொன்று கலந்திருந்தாலோ, 2018-இல் 'மடி' உதவிக்கு வந்திருக்காது. உலகம் அவர் பெயரை அறிந்தது ஒன்பது ஆண்டு கழித்து. அவரைப் போலவே ஃபேஜ் கண்டெடுத்த ஆயிரக்கணக்கான மாணவர்களின் குப்பிகளை இன்னும் யாரும் கேட்டு வரவில்லை. அவை குளிர்ப்பெட்டியில் காத்திருக்கின்றன.

ஆனால் அவர்களுடைய உழைப்பும் கணக்கில் வராமல் போகவில்லை. 627 ஃபேஜ்களின் மரபுக் குறியீட்டை ஒப்பிட்டு 2015-இல் 'ஈ-லைஃப்' என்ற விஞ்ஞானச் சஞ்சிகையில் வந்த கட்டுரையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டில் பழ ஈயின் மரபணுவைப் பற்றி வெளியான வேறொரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 1,014 பேர். அவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் பட்டப் படிப்பு மாணவர்கள். இத்தனை பேரைச் சேர்க்கலாமா என்று சில விஞ்ஞானிகள் ஆட்சேபித்தார்கள். வேலை செய்தவர் பெயரைப் போடாமல் விடுவது மட்டும் நியாயமா என்று ஆசிரியர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

மும்பையிலோ பெங்களூரிலோ டில்லியிலோ குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளை பி.எஸ்ஸி. உயிரியலில் சேரும். "இதைப் படித்து என்னம்மா ஆகப் போகிறாய்?" என்று அப்பா கேட்பார். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஃபீஸும் கட்டுகிறவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

அவருக்குச் சொல்ல இப்போது சில பதில்கள் இருக்கின்றன. புனேயிலும் கல்கத்தாவிலும் 2006-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையங்களும், 2011-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் தொடங்கிய பட்டப் படிப்பும், மாணவரைப் படிக்கும்போதே ஆராய்ச்சியில் இறக்குகின்றன. அங்கே இடம் கிடைக்காதவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடவில்லை. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, சாதாரணக் கல்லூரி மாணவர்களையும் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் உதவித் தொகையோடு ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அனுப்பி வந்திருக்கின்றன. அறிவிப்பைப் பற்றிக் கல்லூரித் துறைத் தலைவரிடம் விசாரித்து, நாள் தவறாமல் மனுப் போட வேண்டும். மதிப்பெண்ணோடு, எதை அறிய ஆசை என்பதைத் தெளிவாக எழுதத் தெரிந்திருப்பதும் முக்கியம்.

பரிசோதனைச் சாலை நோட்டில் வராத விடையைப் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதாமல், வந்ததை வந்தபடி எழுதும் பழக்கத்துக்கு மனுவும் வேண்டாம், உதவித் தொகையும் வேண்டாம். டர்பன் மாணவியின் குப்பி எட்டு ஆண்டு கழித்து உதவிக்கு வந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். அதை இன்றைக்கே, எந்தக் கல்லூரியிலும் ஆரம்பிக்கலாம்.