சக்கரத்தில் ஒரு வீடு!
மும்பையிலிருந்து நெல்லைக்கு கேரவனில் போகிறவர்கள் கவனிக்க...

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் அணுசக்தி நகர் குடியிருப்புகளில் தமிழர்கள் சந்தித்துக்கொள்ளும்போது எழும் முதல் கேள்வி, "டிக்கெட் கிடைத்ததா?" என்பதுதான். ரெயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. நாட்கள்தான் குறைந்தன, தவிப்பு குறையவில்லை. காலை 8 மணிக்குக் கதவு திறக்கிறது. காபி ஆறுவதற்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது.

இந்தத் தவிப்பில் சிலருடைய பார்வை 'கேரவன்' பக்கம் திரும்பியிருக்கிறது. படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நம்மவர்கள் இதை அறிவார்கள். படுக்கை, சிறிய அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ள வேன் அது. மராட்டிய அரசும் கேரள அரசும் 2021-ல் இதற்கென்றே சுற்றுலாக் கொள்கை வெளியிட்டன. வயதான தாயாரையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆசை எழுவது இயல்பு. ஆனால் முன்பணம் கொடுக்குமுன் சில விஷயங்களைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் நம்பர் பலகை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடச் சட்டம் இடம் தரவில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை; நாமே ஓட்டிப் போவதற்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. மராட்டியம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களைக் கடப்பதால் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை வாங்கிக்கொள்வது நல்லது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை, சாதாரண கார் லைசென்சு உள்ளவர் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்திருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த பகுதி என்பதால் இன்னொன்று. தனியார் வண்டியிலோ வாடகை வேனிலோ ஊருக்குப் போய்விட்டு, எல்.டி.சி.யில் செலவைக் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. அந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போட்டிருப்பவர்கள் ரெயிலுக்கே முயலட்டும்.

நான்கு பகல் பயணம்

நெல்லை சுமார் 1,600 கிலோமீட்டர். இரவு பகலாக ஓட்டி இரண்டே நாளில் சேர்ந்தோம் என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி ஓடுவதற்குப் படுக்கை வைத்த வண்டி எதற்கு? கோலாப்பூர், சித்ரதுர்கா, சேலம், நெல்லை என்று பிரித்துக்கொண்டால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர்தான் வரும். விடியற்காலையில் மான்கூர்டு, வாஷி பாலம் வழியாகப் புறப்பட்டால் புனே நெரிசலுக்கு முன்பே தாண்டிவிடலாம். பெங்களூரில் நகருக்குள் நுழையாமல், தும்கூர் சாலையிலிருந்து 'நைஸ்' ரோட்டில் திரும்பி ஓசூர் சாலையைப் பிடிக்க வேண்டும்.

சோலாப்பூர், குண்டக்கல் மார்க்கமாக ரெயிலிலேயே போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பாதை புதிது. கோலாப்பூர் மகாலட்சுமியைத் தரிசிக்கலாம். சித்ரதுர்காவில், பாறைகளோடு பாறையாக எழுந்து நிற்கும் ஏழு சுற்றுக் கோட்டையை நம்மவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

மே மாத வெயிலில் தகரக் கூரை அடுப்பாகக் காயும். பகல் 12 மணி முதல் 3 மணி வரை மர நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிடுவதே மேல். இரவில் ஆளில்லாத சாலை ஓரம் வேண்டாம். லாரிக்காரர்கள் கூட்டமாக நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க்குதான் பத்திரம். நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டு, டீசலும் அங்கேயே போட்டுக்கொண்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வண்டிக்குள் கழிப்பறை இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அதன் தொட்டியைக் காலி செய்ய நம் நாட்டுச் சாலைகளில் தனி ஏற்பாடு கிடைப்பது அரிது. பகலில் பங்க் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு, உள்ளே இருப்பதை இரவு நேரத்துக்கும் முதியவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். தொட்டியை வயல் ஓரத்தில் திறந்துவிடுவது மகா பாவம். தண்ணீரையும் அளந்துதான் ஏற்ற வேண்டும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ பாரம். அதையும் என்ஜின்தான் இழுக்க வேண்டும்.

தூக்கத்தில் வரும் எமன்

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் சாலை ஓரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காயம் இல்லை, சண்டை நடந்த அடையாளமும் இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தளத்தில் இருந்த துவாரம் வழியாக உள்ளே புகுந்தது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார்.

ஆகவே ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது என்ற பேச்சே கூடாது. என்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு படுப்பதும் ஆபத்துதான். பேட்டரியில் ஓடும் மின்விசிறி, கொசுவலை அடித்த இரண்டு ஜன்னல்கள், இவை போதும். அந்த வாயுவைக் கண்டதும் அலறும் கருவி கடைகளில் கிடைக்கிறது. வாடகை வண்டியில் அது இல்லாவிட்டால் சொந்தச் செலவிலாவது வாங்கி மாட்ட வேண்டும்.

அடுத்தது கேஸ் அடுப்பு. 2023 ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலையில் மதுரை ரெயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் அவர்கள். தடையை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரை உள்ளே பற்றவைத்ததே காரணம் என்று ரெயில்வே கூறியது. வீட்டு சிலிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் பெட்டியை நினைத்துப் பார்க்கட்டும். வண்டியிலேயே முறையாகப் பொருத்திய அடுப்பு இருந்தாலும், ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். சமைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

உண்மையில் அடுப்பின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடலாம். புளியோதரையும், மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியும் முதல் நாளைத் தாங்கும். மாட்டுங்காவில் காபிப் பொடியும் வாழை இலையும் வாங்கிக்கொள்ளலாம். பாலில் சிறிது தயிர் விட்டுப் பிசைந்த சாதம் இரவுக்குள் பதமாக உறைந்திருக்கும். நம் பாட்டிமார்களின் கட்டுச்சோற்றுக் கலைக்கு எந்தக் கேரவனும் ஈடாகாது!

தொப்பூரில் நிதானம்

மூன்றாம் நாள் மாலை தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறது. சேலம் நோக்கிப் போகிறவர்களுக்கு இது இறக்கம். ஊர் நெருங்கிவிட்ட உற்சாகத்தில் கால் தானாக அழுத்தும் இடமும் இதுதான். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்ட கனரக வண்டிகளால் இங்கே போன உயிர்கள் பல. இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். என்ஜினையும் அணைத்துவிட்டால் பிரேக் கல்லாகிவிடும். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்குவதுதான் முறை. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். திரும்பி வரும்போது கண்டாலா மலை இறக்கத்திலும் இதே நிதானம் தேவை. ஜூனில் திரும்பினால் அங்கே மழையும் சேர்ந்துகொள்ளும்.

புறப்படுவதற்கு முன் செட்டா நகர் முருகன் கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தில் சக்கரத்தை ஏற்றுவது நம்மவர் வழக்கம். அப்படியே ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இந்த எடையைத் தூக்குமா, பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். வண்டியின் உயரத்தை அளந்து, பெரிய எழுத்தில் டிரைவர் கண்ணெதிரே ஒட்டிவைப்பது மிக முக்கியம்.

ஏனென்றால் நெடுஞ்சாலை முழுவதும் தொல்லை கொடுக்காத உயரம், சொந்த ஊர்த் தெருவில்தான் தன் வேலையைக் காட்டும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கொடை விழாப் பந்தல், முருங்கைக் கிளை எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. ஊர் எல்லையில் பள்ளிக்கூட மைதானமோ தேரடியோ பார்த்து, அனுமதி கேட்டு நிறுத்திவிட்டு, வீட்டுக்கு ஆட்டோவில் போய் இறங்குவதே உத்தமம். வண்டியைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். சாவி மட்டும் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும்.